இடிக்காத வண்டி

கெத்தூரா வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாவுக்குத் துணையாக இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள். மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பினாள். கேனி ஓடைச் சாலையில், மேட்டுக்கு ஏறும் இடத்தில், அவளுடைய வெள்ளை வண்டி தார் விளிம்பை விட்டுச் சரளையில் இறங்கி, சிறுபாலத்தின் கான்கிரீட்டில் மோதியது. பக்கத்தில் வேறு வண்டி எதுவும் இல்லை. தூங்கியிருப்பாள், பாவம் என்றார்கள்.

அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கெத்தூராவுக்குப் படுக்கையில் கூடச் சுலபத்தில் தூக்கம் வராது. ஆனால் மனைவியைப் பற்றிக் கணவனுக்குத் தெரிந்ததை ஆதாரமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். நானும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவள் தூங்கிவிட்டாள் என்பதை முழுதாக நம்பியது அவளுடைய அம்மா ஓசெல்லாதான். ஓசெல்லாம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகளின் அடக்க ஆராதனைக்கு வந்தாள். எங்கள் வண்டிகள் கல்லறைக்குப் போன வழியெல்லாம், எதிரில் வந்தவர்கள் எங்கள் பக்கத்து வழக்கப்படி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மரம் ஏற்றி வந்த லாரிக்காரன் இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஓசெல்லாம்மா அவனைக்கூடப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சபைப் பெண்கள் கொண்டுவந்த பாத்திரங்கள் அடுப்பு மேடையில் மூடியபடியே இருந்தன. நான் போகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"சாயங்காலமே வீட்டுக்குப் போடின்னு சொல்லியிருக்கணும் ராசா. சொல்லல. தண்ணி குடுன்னேன். தலகாணிய ஒசத்தி வைன்னேன். அவ கண்ண மூடுற நேரம் பாத்துக் கூப்பிட்டேன்."

"அவ தூங்கலம்மா."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். வில்பர்ன் என்ற வைக்கோல்காரக் கிழவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. பூட்சில் சேறு என்றார்.

"அன்னிக்கு ட்ராக்டர்ல வைக்கோல் உருட்டு ரெண்டு இழுத்துக்கிட்டு மேட்டுல ஏறிக்கிட்டிருந்தேன் தம்பி. பின்னால ஒரு நீல வண்டி. மஞ்சக் கோடு போட்ட எடம், தாண்டக் கூடாது. தாண்டிருச்சு. போற போக்குல ஜன்னல் வழியா கைய வெளிய விட்டு கூரைய ரெண்டு தட்டு தட்டுச்சு. அப்புறம் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். நான் ஏறி வர்றதுக்குள்ள உங்க வீட்டுப் பொண்ணு அங்க இருந்துச்சு. நீல வண்டியக் காணோம்."

"நம்பர் பாத்தீங்களா?"

"என் ட்ராக்டர் நம்பரே எனக்குத் தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னும் தெரியல. கண்ணுல புரை. போலீஸ்ல எல்லாம் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. என் கண்ணாடியையும் பாத்துக்கிட்டாங்க."

அதை எடுத்துக்கொண்டு டீக்கன் ஆஸ்பரியிடம் போனேன். டீக்கன் என்றால் எங்கள் சபையில் பாஸ்டருக்கு உதவும் பெரியவர். வாரநாட்களில் முடிவெட்டும் கடைக்குப் பக்கத்து அறையில் இன்சூரன்ஸ் விற்பவர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பாலிசி எழுதியது அவர்தான். அன்றைக்கு அதில் ஒரு கூடுதல் காப்பீட்டை விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்னார். "நம்ம ரோட்டுல பாதிப் பேரு இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டறான். அவன் வந்து இடிச்சா அவன்கிட்ட பிடுங்க ஒண்ணும் இருக்காது. அதுக்காக உங்க கம்பெனியே அவன் எடத்துல நின்னு உங்களுக்குக் கொடுக்கும். மாசம் ஒரு பர்கர் காசுதான்." கெத்தூரா சிரித்தாள். "ஊர்ப் பாவிங்க பாவத்துக்கெல்லாம் நாங்க கட்டணுமா டீக்கன்? அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே." டீக்கன் இந்தப் பேச்சை ஒரு வருடம் சபையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது சிரிக்கவில்லை. கிழவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கு ரெண்டு கதவு. வண்டி ஓட்டினது யாருன்னு தெரிஞ்சு, அவனுக்கு இன்சூரன்ஸ் இல்லன்னா, தப்பு அவன் மேலன்னா, கம்பெனி வந்து நிக்கும். அவன் உங்கள தொட்டானா இல்லையான்னு கேக்க மாட்டாங்க. யாருன்னே தெரியலன்னா ரெண்டாவது கதவு. அதுல வண்டியும் வண்டியும் தொட்டிருக்கணும். கெத்தூரா வண்டில நீலப் பெயின்ட் ஒரு கீறல் இருந்தாப் போதும். இல்ல. நானே போய்ப் பாத்துட்டேன்."

"தொடக் கூடாதுன்னுதான் அவ ஒதுங்கினா."

"தெரியும்."

"ஒதுங்காம இடிச்சிருந்தா?"

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "தானா ரோட்ட விட்டு எறங்கிட்டு, ஒரு வண்டி வந்துச்சு, ஓடிப் போச்சுன்னு சொன்னவன் ஆயிரம் பேரு. அதுக்காகப் போட்ட சட்டம் தம்பி. உன்ன மாதிரி ஆளுக்காகப் போட்டதில்ல. ஆனா உனக்கும் அதே சட்டம்தான்."

"பணத்துக்காகக் கேக்கல டீக்கன். ஒரு வண்டி வந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் ஒத்துக்கணும். ஓசெல்லாம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க."

"ஓட்டினது யாருன்னு கண்டுபிடி" என்றார்.

கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. நீல வண்டி மாவட்டம் முழுக்க ஓடுகிறது. ஒவ்வொன்றையும் பார்த்தேன். எங்கள் சாலையில் எதிரே வருபவர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்று கிடையாது. நானும் தூக்கினேன். தூக்கிவிட்டு, நீயா என்று பார்த்தேன்.

மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் எங்கள் பக்கத்துச் சபைகள் நான்கும் ஒன்றாகக் கூடும். இந்தமுறை எங்கள் சபையில். வீட்டில் உட்காருவதும் அங்கே உட்காருவதும் எனக்கு ஒன்றுதான் என்பதால் போனேன். கடைசி பெஞ்சு. பக்கத்தில் டீக்கன் ஆஸ்பரி. ஓசெல்லாம்மா வரவில்லை.

பாட்டு முடிந்து, ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. பிறகு கிலெயாத் சபையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நடுவயது. மஞ்சள் தொப்பி. பேர் ரொவீனா. முதியோர் இல்லத்தில் சமைப்பவள் என்று அவளே சொன்னாள்.

"பிரதர்ஸ், சிஸ்டர்ஸ், நான் இன்னிக்கு இங்க நிக்கறதே கிருபை. அன்னிக்கு வேலைக்கு லேட்டாயிடுச்சு. கேனி ஓடை ரோட்டுல போறேன், முன்னால ஒரு வைக்கோல் ட்ராக்டர். இஸ்ரவேல் ஜனங்க வனாந்தரத்துல போன வேகத்துல போகுது."

சிரிப்பு எழுந்தது.

"நான் பொறுமைசாலி இல்ல. எங்க பாஸ்டர் அதோ உக்காந்திருக்காரு, கேட்டுக்குங்க. மேட்டுலயே தாண்டிட்டேன். பாத்தா எதிர்ல ஒரு வெள்ளை வண்டி."

"ஆண்டவரே" என்றது ஒரு குரல்.

"ஆண்டவரேன்னுதான் நானும் சொன்னேன். அந்த வண்டில ஒரு சிஸ்டர். ஹார்ன் அடிக்கல, திட்டல. ஓரமா எறங்கி எனக்கு வழி விட்டா. அதோட நிக்கல, ஒரு விரலத் தூக்கினா பாருங்க, எனக்கு! நான் கூரைய ரெண்டு தட்டு தட்டி தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன். வேலைக்குப் போய் ஏப்ரன் கட்டறேன், ஃபோன் வருது. கேனி ஓடைப் பாலத்துல ஒரு பொண்ணு தூங்கிப் போய் மோதிடுச்சாம். இப்பத்தான அந்த எடத்தத் தாண்டி வந்தேன்! அந்தத் தூக்கத்துல என் மேல வந்திருந்தா? அங்கயே முழங்கால் போட்டேன். ஆண்டவர் என்ன அந்த எடத்தத் தாண்ட வச்சுக் கூட்டிட்டு வந்தார்."

ஆமென் என்றார்கள். கை தட்டினார்கள். ஆர்கன்காரர் இரண்டு கட்டைகளை அழுத்தினார். பாலத்தின் பேர் வந்ததால் எங்கள் சபையார் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீக்கன் கை தட்டவில்லை. அவர் கை என் முழங்கால் மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விரலைத் தூக்கினாள் என்பது மட்டும் காதில் நின்றது.

ஆராதனைக்குப் பிறகு கூடத்தில் சாப்பாடு. ரொவீனா கோழி வறுவல் தட்டுக்குப் பின்னால் நின்று பரிமாறினாள். நான் தட்டை நீட்டினேன்.

"என்ன பிரதர், இவ்வளவு மெலிஞ்சு போய்? வீட்டுல பொண்டாட்டி சோறு போடறதில்லையா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப இன்னொரு துண்டு எடுத்துக்க. நான் போட்டேன்னு அவகிட்டப் போய்ச் சொல்லு, ரோஷம் வரட்டும்."

பின்னாலேயே டீக்கன் வந்து நின்றார். அவர் தொழில் எல்லாச் சபைக்கும் தெரியும். அவள் கரண்டியை நீட்டித் தடுத்தாள். "டீக்கன், கோழி வேணும்னா வாங்க, பாலிசி விக்க வராதீங்க. என் வண்டி கிருபைல ஓடுது. போன வருஷமே இன்சூரன்ஸ விட்டாச்சு." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீக்கன் ஒரு சிறகுத் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். கார்கள் நிற்கும் இடத்தில், பெக்கான் மரத்தடியில் ஒரு நீல வண்டி. கதவில் துரு.

"ஆக, முதல் கதவு தெறந்துடுச்சு" என்றார் டீக்கன். அவர் சாப்பிடவில்லை. "ஆனா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடறேன். கம்பெனி அவ எடத்துல நிக்கும்னு சொன்னேன்ல, கொடுக்கறதுக்கு மட்டும் நிக்காது. அவ பக்கம் என்ன நியாயம் உண்டோ அத்தனையும் உங்கிட்டப் பேசும். நீ இத்தன வருஷம் காசு கட்டின கம்பெனி, உனக்கு எதிரா அவளுக்கு வக்கீலா உக்காரும். அந்த விரல விட மாட்டாங்க. ஒரு கை ஸ்டியரிங்ல இல்ல, அதனால வண்டி பிடிபடல, உங்க மனைவி மேலயும் ஒரு பங்கு தப்புன்னு எழுதுவாங்க."

"அப்புறம்?"

"உனக்குக் கொடுத்தத அவகிட்ட வசூல் பண்ணப் பாப்பாங்க. லைசென்ஸ் போகலாம். பஸ் இல்லாத ஊரு, லைசென்ஸ் போனா வேலையும் போகும்." மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இன்னிக்குச் சபைலதான் இருந்தேன், ஆபீஸ்ல இல்ல. நாளைக்கு நீ வந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

நான் ஓசெல்லாம்மாவின் அடுப்பு மேடையை நினைத்தேன். மூடிய பாத்திரங்கள். யாராவது ஒருவர் இதைச் சுமக்கத்தான் வேண்டும். இப்போது சுமப்பவர் ஒன்றும் செய்யாதவர்.

"நாளைக்கு வரேன்" என்றேன்.

ஆனால் கம்பெனி சொல்லி அந்தப் பெண் தெரிந்துகொள்ளக் கூடாது. திரும்ப உள்ளே போனேன். சபைச் சமையலறையில் அவள் தனியாகத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொப்பி தலையிலேயே இருந்தது.

"இன்னொரு துண்டா?" என்றாள்.

"சிஸ்டர், பாலத்துல மோதின பொண்ணு தூங்கல."

"பாவம், தூங்கினான்னுதான சொன்னாங்க."

"வெள்ளை வண்டி. பேரு கெத்தூரா. என் மனைவி."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிய நேரம் ஆனது. முகத்தில் முதலில் துக்கம் விசாரிக்கும் பாவனைதான் வந்தது. வாய் அதற்குத் திறந்தது. பாதியில் நின்றது.

"இல்ல" என்றாள். "அவ நல்லாத்தான் இருந்தா. ஓரத்துல நல்லாத்தான் வந்தா. விரலத் தூக்கினா. நான் பாத்தேனே."

"ஆமா."

"எல்லாரும் ஒதுங்கறதுதான. நானும் ஒதுங்குவேன். ஒதுங்கிட்டு திரும்ப ஏறிடுவோம். எப்பவும் ஏறிடுவோமே." என் முகத்தைப் பார்த்தாள். "நான் கண்ணாடில கூடப் பாக்கல தம்பி. தட்டிட்டுப் போயிட்டேன்."

நான் குழாயை மூடினேன். அவள் தொப்பியைக் கழற்றி ஈரமேடையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கைகளில் சோப்பு நுரை.

"சாட்சி சொல்லிட்டேனே" என்றாள். "கை தட்டினாங்களே. நீ உள்ளயா இருந்த?"

"இருந்தேன்."

"எதுக்கு என் கையால சோறு வாங்கின?"

கம்பெனி வரும் என்று சொன்னேன். லைசென்ஸைப் பற்றிச் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில், "கேட்டா நடந்தத அப்படியே சொல்வேன். ஒண்ணையும் மாத்த மாட்டேன்" என்றாள். அப்படியே சொன்னாள் என்று பிறகு டீக்கன் சொன்னார். விரலையும் சேர்த்து.

கம்பெனியின் ஆள் டல்லஸிலிருந்து ஃபோனில் பேசினான். மரியாதையான குரல். என் வயதுதான் இருக்கும். முதலில் இரங்கல் சொன்னான். பிறகு, சம்பவ நேரத்தில் என் மனைவி ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்திருந்தார் என்பது இரண்டாவது ஓட்டுநரின் வாக்குமூலத்திலிருந்து தெரிகிறது என்றான். அதை நான் மறுக்கிறேனா?

"இல்ல. எழுதிக்குங்க."

"தொகை குறையும் சார். நீங்க ஒரு வக்கீலப் பாக்கலாம்."

"கை எடுத்தா. எழுதிக்குங்க."

டீக்கன் கோபப்பட்டார். "விரலத் தூக்கினதெல்லாம் ஒரு தப்பா? இந்த மாவட்டத்துல எந்த ஜூரியும் ஒத்துக்காது. போராடு தம்பி."

"தூங்கறவ விரலத் தூக்க மாட்டா டீக்கன். அவங்களே எழுதிக் குடுக்கறாங்க."

அதன்பின் அவர் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் ஓசெல்லாம்மா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் பயறும் சோளரொட்டியும் வாங்கிக்கொண்டேன். அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். ட்ராக்டர், மேடு, நீல வண்டி. ரொவீனா பேரைச் சொல்லவில்லை. அவளும் யார் என்று கேட்கவில்லை.

"முழிச்சிருந்தாளா?"

"முழிச்சிருந்தாம்மா. ஓரமா எறங்கி வழி விட்டா. விரலத் தூக்கி அந்தப் பொம்பளைக்கு வணக்கம் சொன்னா. சிரிச்ச முகம்தானாம். ஒரு கை ஸ்டியரிங்ல இல்லன்னு கம்பெனிக்காரனே எழுதறான். தூங்கினான்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

"நான் தூங்க விடாததால இல்ல."

"இல்ல."

அவள் மூச்சை விட்டாள். இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்தது போலிருந்தது. பயற்றுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ரொட்டியைப் பிட்டாள். சாப்பிட்டாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கெத்தூரா போனதிலிருந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றியது.

கிண்ணம் பாதியானபோது ஸ்பூன் நின்றது.

"அத நான்தான் கத்துக்குடுத்தேன்" என்றாள்.

"எதம்மா?"

"விரலத் தூக்கறத. அவ அப்பாவோட பழைய பிக்கப்புல வண்டி பழக்கினேன். எதிர்ல வர்றது யாரா இருந்தாலும் தூக்குடி, நாம என்ன ஆடுமாடான்னு சொல்வேன். அவளுக்குப் பயம். ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்குவா. அம்மா, கைய எடுத்தா வண்டி போயிடும்னு சொல்வா." ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். "தூக்கலன்னா தொடைல அடிப்பேன் ராசா."

நான் ஏதோ சொன்னேன். அது நல்ல பழக்கம் என்றோ, எல்லோரும் செய்வதுதான் என்றோ. அவள் கிண்ணத்தை மூடித் துணி போட்டாள். மற்றப் பாத்திரங்களோடு வைத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கேனி ஓடைச் சாலை வழியாகத்தான் போகிறேன். வேறு வழி சுற்று. போன வாரம் பாலத்துக்கு இந்தப் பக்கம் எதிரில் நீல வண்டி வந்தது. ரொவீனாவின் லைசென்ஸ் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. தூரத்திலேயே என் வண்டியை அடையாளம் கண்டிருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, சரளையில் முழுதாக இறங்கி, நின்றது. எஞ்சினையும் அணைத்துவிட்டாள். சவ வண்டிக்கு நிற்பது போல. என் வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை.

தாண்டும்போது என் விரல் எழுந்தது. நான் எழுப்பவில்லை. பழக்கம். ரொவீனா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கவில்லை.

இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.